எந்த இடம் என்று எழுதியிருக்கலாமே, அடிகளாரே!

கார்மேல் சபைத் துறவி ராபர்ட் பாஸ்டன் அடிகளாருக்கு,

வணக்கம். 1314ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீங்கள் எதிரியிடம் பிடிபட்ட ஊருக்குப் போய் வந்தேன். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகருக்குத் தெற்கே இருக்கும் பானக்பர்ன். ஒரு வழிகாட்டியின் பின்னால் நடந்தே போர்க்களத்தைச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு. போர் எந்த இடத்தில் நடந்தது என்பதே அங்கே இன்னும் தீராத வழக்கு. அந்த வழக்கில் நீங்களும் ஒரு சாட்சி. நீங்கள் சாட்சி சொன்ன விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், உங்கள் கதையை உங்களிடமே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பொறுத்தருள வேண்டும். ஸ்காட்லாந்தை அடக்கப் படையோடு கிளம்பிய இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டுக்கு வெற்றியில் ஐயமே இல்லை. வென்ற கையோடு பரணி பாட ஒரு கவிஞர் வேண்டும் என்று உங்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். படை தோற்றது. மன்னர் தப்பினார், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். பணயத் தொகைக்குப் பதிலாக, ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் வெற்றியைப் பாடிக் கொடுத்துவிட்டு ஊர் போகலாம் என்றார்கள். பரிசில் வாங்கப் போன புலவர், பகைவரைப் பாடி உயிரோடு வீடு திரும்பினார்.

வழிகாட்டி இதைச் சொன்னபோது எங்கள் கூட்டம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் 1440களில் வால்ட்டர் பௌவர் தன் வரலாற்று நூலில் சேர்த்து வைத்ததால் பிழைத்த உங்கள் பாட்டை அறைக்கு வந்து படித்தபோது சிரிப்பு வரவில்லை. ஒவ்வோர் அடியின் நடுவிலும் முடிவிலும் ஓசை ஒத்துப்போகும் லத்தீன் யாப்பு. எதுகை, இயைபுக்குப் பழகிய காதுக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் உள்ளே இருப்பது வேறு. வெற்றிப் பாட்டுக் கேட்டவரிடம் ஒப்பாரி பாடிக் கொடுத்திருக்கிறீர்கள். இத்தனை பேர் செத்த இடத்தில் நான் மட்டும் பிழைத்துக் கிடக்கிறேனே என்று உங்கள் பெயரையும் சேர்த்துப் புலம்பியிருக்கிறீர்கள். அதைக் கேட்டும் உங்களைப் போகவிட்டார் என்றால், புரூஸ் நல்ல ரசிகராகத்தான் இருக்க வேண்டும்.

இனி களத்துக்கு வருகிறேன். சாலையோரத்தில் ஒரு பார்வையாளர் மையம் இருக்கிறது. போரின் 700ஆம் ஆண்டையொட்டி 2014இல் திறந்தது. அதன் பின்னால் புல்வெளி, வட்டமான ஒரு நினைவுச் சுவர், குதிரைமேல் அமர்ந்த புரூஸின் வெண்கலச் சிலை. சிலை 1964இல் வைத்தது. எல்லோரும் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வடக்கே பார்த்தால் பாறைமேல் ஸ்டெர்லிங் கோட்டை தெரிகிறது. அந்தக் கோட்டைக்காகத்தான் அவ்வளவு சண்டையும். எங்கள் வழிகாட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பது குரலிலேயே தெரியும் ஒரு பெரியவர், எல்லோரும் படம் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “பெரிய சண்டை இங்கே நடக்கவில்லை” என்று தொடங்கினார். அந்த ஒரு வாக்கியத்திலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

போருக்குக் காரணம் புரூஸின் தம்பி எட்வர்ட் புரூஸ் கொடுத்த வாக்கு. கோட்டையை முற்றுகையிட்டுச் சலித்துப்போனவர், உள்ளே இருந்த தளபதி பிலிப் மௌப்ரேயிடம், 1314 கோடை நடுநாளுக்குள் இங்கிலாந்துப் படை வந்து மீட்காவிட்டால் கோட்டையை ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார். எதிரி மன்னருக்கு நாள் குறித்து அழைப்பு அனுப்பியதற்குச் சமம் அது. திறந்த வெளியில் நேருக்கு நேர் மோதாமல், ஒளிந்து தாக்கியே அதுவரை காலம் தள்ளிய அண்ணனுக்குக் கோபம் வராமல் இருக்குமா? வந்தது. ஆனாலும் தம்பி கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நின்றார். அவரிடம் ஏறக்குறைய 6,000 பேர், பெரும்பாலும் காலாள்கள். உங்கள் மன்னரிடம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

வழிகாட்டி தன் வண்டியிலிருந்து ஒரு நீளமான கழியை இறக்கினார். பன்னிரண்டு அடி இருக்கும். ஷில்ட்ரான் என்ற ஈட்டி வளையத்தில் நின்ற வீரன் பிடித்த ஈட்டியின் அளவு இதுதான் என்றார். என் கையில் கொடுத்தார். தூக்குவது சிரமமில்லை, முனையை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்துவதுதான் சிரமம். முனை தானாகத் தரையை நோக்கி இறங்கியது, இழுத்துப் பிடித்தால் பக்கவாட்டில் ஆடியது. சற்று நேரத்திலேயே முன்கை நடுங்கத் தொடங்கிவிட்டது. முன்வரிசைக்காரன் மண்டியிட்டு ஈட்டியின் அடியை மண்ணில் ஊன்றிக்கொள்வான், பின்வரிசைக்காரன் அவன் தோளுக்கு மேலாக நீட்டுவான், எல்லா முனைகளும் குதிரையின் மார்பு உயரத்தில் நிற்கும் என்று விளக்கினார். பிறகு எங்களையெல்லாம் முதுகோடு முதுகு சேர்த்து வட்டமாக நிறுத்தி, கைத்தடி, குடை, கேமரா தாங்கி என்று கிடைத்ததை நீட்டச் சொன்னார். நாயோடு வந்திருந்த ஓர் அம்மையார் நாயை வட்டத்துக்குள் விட்டுவிட்டார்.

அதோடு விடவில்லை. “இப்படியே பத்து அடி நடங்கள்” என்றார். நடந்து பார்த்தோம். முன்பக்கத்தார் நேராக நடக்க, பின்பக்கத்தார் பின்னால் பார்த்தபடி பின்வாங்கி நடக்க வேண்டும். நான்காவது அடியிலேயே வட்டம் முட்டையானது, யாருடைய கைத்தடியோ என் விலாவில் குத்தியது, நாய் குரைத்தது. பானக்பர்னின் சூட்சுமம் முழுவதும் இந்த நடையில் இருக்கிறது என்றார் அவர். 1298இல் ஃபால்கிர்க் போரில் ஸ்காட்டியத் தலைவர் வில்லியம் வாலஸின் ஈட்டி வளையங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. முதலாம் எட்வர்டின் வில்லாளர்கள் தூர நின்று அம்பு எய்தே அவற்றைக் கலைத்தார்கள். புரூஸ் தன் ஆட்களை ஈட்டியோடு முன்னேறப் பழக்கினார். வீரம், தேசப்பற்று என்று கல்லில் எழுதி வைப்பது எளிது. கலையாமல் நடக்கக் கற்றுக்கொள்ள எத்தனை நாள் பயிற்சி வேண்டியிருந்திருக்கும் என்பது விலாவில் இடி வாங்கினால்தான் புரிகிறது.

இரண்டு நாள் நடந்த போரில், முதல் நாளின் புகழ்பெற்ற காட்சியை வழிகாட்டி சற்று அசிரத்தையாகவே சொன்னார். ஆயிரம் தடவை சொல்லி அலுத்திருக்கும். ஹென்றி டி போஹுன் என்ற இளம் வீரர் ஈட்டியோடு பாய்ந்து வர, சிறிய குதிரையில் இருந்த புரூஸ் கடைசி நொடியில் விலகி, கோடரியால் அவர் தலையைப் பிளந்தது. உயிரைப் பணயம் வைத்தீர்களே என்று தளபதிகள் கடிந்துகொள்ள, நல்ல கோடரி உடைந்துபோயிற்றே என்று மட்டும் அவர் வருந்தியது. இது ஸ்காட்டியக் கவிஞர் ஜான் பார்பர் அறுபது ஆண்டுகள் கழித்துத் தன் காவியத்தில் பாடியது. அந்த அலட்சியமான பதிலைப் பார்பரே செதுக்கியிருக்கலாம் என்பது என் சந்தேகம். குதிரைகளை விழவைக்க வெட்டிய குழிகள் மட்டும் உங்கள் பாட்டிலேயே இருக்கின்றன. குதிரை வீரர் சறுக்கி விழ மக்கள் குழி தோண்டினார்கள், உள்ளே முளை நட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கட்டுக்கதையின் வாசனை இல்லை.

பிறகு வீடுகளுக்கு நடுவே நடந்தோம். மேட்டு நிலம் முழுவதும் இன்று குடியிருப்பு. வேலிக்கு உள்ளே இருந்து ஒருவர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்கள் வழிகாட்டிக்குக் கையசைத்தார். மேடு ஓரிடத்தில் சட்டென்று முடிகிறது. மரங்கள் அடர்ந்த சரிவு. இறங்கினால் கார்ஸ் என்று அவர்கள் சொல்லும் தாழ்நிலம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை சமதளம். மேலே காய்ந்து இறுகியிருந்த தரை, கீழே காலடியில் அமுங்கியது. இத்தனைக்கும் இன்று வடிகால் வெட்டிய விவசாய நிலம் அது. அன்று ஓடைகளும் குட்டைகளும் பின்னிக்கிடந்த சதுப்பு.

உங்கள் படை இரவைக் கழித்தது அங்கேதான், பானக்பர்ன் ஓடைக்கும் பெல்ஸ்ட்ரீம் ஓடைக்கும் நடுவில். சேற்றைக் கடக்க அக்கம்பக்கத்து வீடுகளைப் பிரித்துக்கொண்டு வந்து போட்டார்கள், கோட்டையில் இருந்தவர்கள் கதவுகளையும் ஜன்னல் பலகைகளையும் தூக்கிக்கொண்டு வந்ததாகவும் பேச்சு என்கிறார் பார்பர். அந்தப் பருவத்தில் அங்கே இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கிறது, நான்கு மணிக்கெல்லாம் மறுபடி விடியத் தொடங்கிவிடுகிறது. நெடுந்தூரம் நடந்து வந்தவர்கள், ஈரத்தில், கவசத்தைக் கழற்றாமல், பாதி இரவு. தோல்வி அப்போதே எழுதியாயிற்று. ஆங்கிலேயர் பக்கம் இருந்த அலெக்சாண்டர் சீட்டன் என்ற ஸ்காட்டியர் அந்த இரவிலேயே புரூஸிடம் ஓடிப்போய், அங்கே எல்லோரும் மனம் தளர்ந்திருக்கிறார்கள், தாக்க இதுதான் நேரம் என்று சொன்னார். உங்கள் பக்கம் குளஸ்டர் பிரபு, படைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கலாம் என்று சொன்னதற்குத் துரோகி என்று மன்னரிடம் ஏச்சு வாங்கினார். அவர் சொன்னதில் என்ன தவறு?

ஜூன் 24 காலை ஸ்காட்டியர் காட்டிலிருந்து இறங்கி வந்து மண்டியிட்டார்கள். மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று மன்னர் பூரித்தாராம். “ஆம், ஆனால் உங்களிடம் அல்ல, கடவுளிடம்” என்றாராம் அருகிலிருந்த இங்ரம் டி அம்ஃப்ராவில். ஏச்சின் சூடு தணியாத குளஸ்டர் முதல் ஆளாகப் பாய்ந்து ஈட்டிகளில் விழுந்தார், வயது 23. பின்னால் வந்தவர்களுக்கு விரிந்து நிற்க இடமில்லை. இரண்டு பக்கமும் ஓடை, முன்னால் நடந்து வரும் ஈட்டிச் சுவர். வில்லாளர்கள் அம்பு எய்யத் தொடங்கியதும் ஸ்காட்டியத் தளபதி ராபர்ட் கீத்தின் குதிரைப்படை அவர்களைக் கலைத்தது. ஸ்காட்டியர் பின்னணியில் இருந்த வேலையாட்களும் ஊர் மக்களும் கூச்சலிட்டு ஓடிவர, அதை இன்னொரு படை என்று நினைத்து எல்லாம் சிதறியது.

ஓடைக்கரையில் நின்றோம். தண்ணீர் தேயிலைச் சாற்றின் நிறம். அகலம் பெரிதில்லை, கரைதான் சில இடங்களில் செங்குத்து. பின்னாலிருந்து ஆயிரம் பேர் தள்ளினால் கவசம் போட்டவன் எப்படி ஏறுவான்? பிணங்களை மிதித்தே கால் நனையாமல் கடந்தார்கள் என்கிறது பார்பரின் காவியம். மன்னர் கோட்டைக்கு ஓடினார். உள்ளே வந்தால் கோட்டையோடு சேர்ந்து நீங்களும் கைதிதான் என்று மௌப்ரே திருப்பி அனுப்ப, டன்பார் வரை ஓடிக் கப்பல் ஏறினார். அவரைப் பத்திரமாக வெளியேற்றிய ஜைல்ஸ் டி அர்ஜென்டான், ஓடிப் பழக்கமில்லை என்று திரும்பிப் போய்ச் செத்தார். உங்களை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. கவிஞர்கள் கணக்கில் வருவதில்லை.

இப்போது வழக்குக்கு வருகிறேன். முக்கியச் சண்டை மேட்டிலா, தாழ்நிலத்திலா? ஆய்வாளர்கள் பல காலமாகப் பிரிந்து நிற்கிறார்கள். 700ஆம் ஆண்டை ஒட்டித் தோண்டியும் பார்த்தார்கள், கிடைத்தது சொற்பம். மேட்டுக் கட்சியினர் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது உங்களைத்தான். ஸ்டெர்லிங்கின் வறண்ட நிலம் முதல் போர்களைத் தாங்குகிறது என்று ஓர் அடி எழுதியிருக்கிறீர்கள். களத்தில் இருந்தவரே வறண்ட நிலம் என்கிறார், பிறகு சதுப்பு எங்கிருந்து வந்தது என்பது அவர்கள் வாதம். அடிகளாரே, கண்ணீருக்கும் ரத்தத்துக்கும் இத்தனை அடிகள் ஒதுக்கினீர்கள். ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஓர் அடி ஒதுக்கியிருக்கக் கூடாதா?

நடை முடிந்ததும் வழிகாட்டி வாக்கெடுப்பு நடத்தினார். மேடு என்போர் கை தூக்குங்கள், தாழ்நிலம் என்போர் தூக்குங்கள். நான் தாழ்நிலத்துக்குத் தூக்கினேன். அப்போது உங்கள் அடியை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. படித்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. நீங்கள் சொன்னது முதல் போர்கள். முதல் நாள் மோதல்கள் மேட்டில், காய்ந்த தரையில்தானே நடந்தன? அடுத்த அடியிலேயே, பகட்டான அந்தக் கூட்டம் தாக்கிவிட்டுக் கடைசியில் அடியாழத்துக்குப் போகிறது என்கிறீர்கள். மேட்டுக் கட்சியினர் முதல் அடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் கணக்கில் நீங்கள் இரண்டு இடத்தையும் சொல்லித்தான் இருக்கிறீர்கள், யாப்புக்காகக் கொஞ்சம் சுருக்கிவிட்டீர்கள். வழிகாட்டிக்கும் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் மேட்டுக் கட்சி.

பணிவுடன்,
உங்கள் வாசகன்