343 நாள் பிரபுவுக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஆண்ட்ரூ ஹார்க்லே அவர்களுக்கு,

'கார்லைல் பிரபு அவர்களுக்கு' என்றுதான் முதலில் எழுதினேன். அப்புறம் அடித்துவிட்டேன். 1323 மார்ச் 3-க்குப் பிறகு அந்தப் பட்டம் உங்களுடையது இல்லையே. கொடுத்தது 1322 மார்ச் 25. நாள்காட்டி வைத்து எண்ணிப் பார்த்தேன், 343 நாள்.

உங்களை நான் முதன்முதலில் பார்த்தது ஓர் எழுத்துக்குள். 1316-ல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் எட்வர்ட், ஸ்காட்லாந்து எல்லைப் பக்கம் இருக்கும் கார்லைல் நகரத்துக்குக் கொடுத்த சாசனத்தில், முதல் எழுத்தின் வளைவுக்குள் குட்டியாக ஒரு முற்றுகையை வரைந்திருக்கிறார்கள். கீழே ஸ்காட்லாந்துப் படை ஏணி போட்டு ஏறுகிறது. மதில் மேல் நின்று தடுப்பவர்களில் ஒருவர் நீங்கள்தான் என்கிறார்கள். 1315 கோடையில், இங்கிலாந்து அரசராக ஏற்காத ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் வந்து பத்து நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய கதை அது. அவர்கள் அடித்து நிறுத்திய மரக்கோபுரம் சேற்றில் புதைந்து, மதில் பக்கம் வந்துசேரவே இல்லையாமே! அந்த மழைக்கும் ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம்.

அப்போது நீங்கள் கார்லைல் இருக்கும் கம்பர்லேண்ட் மாவட்டத்தின் ஷெரீஃப், அதாவது அங்கே அரசரின் அதிகாரி. உங்கள் அப்பாவும் அதே வேலை பார்த்தவர்தான். ஏர்ல் என்ற பெரிய பிரபுப் பட்டம் வாங்குகிற வம்சம் இல்லை. பரோபிரிட்ஜ் போர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 1322 மார்ச் 16-ல், அரசரை எதிர்த்துக் கிளம்பிய லங்காஸ்டர் ஏர்ல் தாமஸ் வடக்கே தப்பப் பார்த்தபோது, யூர் ஆற்றுப் பாலத்தில் வழிமறித்தீர்கள். வீரர்களைக் குதிரையிலிருந்து இறக்கி, நீண்ட ஈட்டிகளோடு நெருக்கியடித்து நிற்க வைத்தீர்கள். ஸ்காட்டுகளிடம் அடிவாங்கிக் கற்ற பாடம். ஹியர்ஃபோர்ட் ஏர்ல் அந்தப் பாலத்திலேயே செத்தார். லங்காஸ்டர் மறுநாள் பிடிபட்டார். ஆறே நாளில் அவர் தலையும் போனது. அதற்கு மூன்றாம் நாள், அரசர் உங்கள் இடுப்பில் வாள் கட்டி ஏர்ல் ஆக்கினார். கூடவே ஆண்டுக்கு 1,000 மார்க் வருமானம் (ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு).

சரி, அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அக்டோபரில் பைலண்ட் போரில் ஸ்காட்டுகள் கையில் அரசரே சிக்காமல் தப்பியதுதான் பெரும்பாடு. வருஷா வருஷம் எரிவதோ உங்கள் ஊர்கள். 1323 ஜனவரி 3-ல் ஸ்காட்லாந்தின் லாக்மேபனில் புரூஸோடு உட்கார்ந்து நீங்களே சமாதானம் பேசி முடித்தீர்கள். ஸ்காட்லாந்து தனி ராஜ்ஜியம், புரூஸ் அதன் அரசர். பதிலுக்கு அவர் பத்து ஆண்டுகளில் 40,000 மார்க் கட்ட வேண்டும். இதில் நாட்டுக்கு என்ன நஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் உங்கள் மேல் ஒரு வருத்தம். அரசர் அனுப்பாமல் போனீர்கள். போதாததற்கு அந்த உடன்படிக்கையைக் காப்போம் என்று ஊராரிடம் சத்தியமும் வாங்கினீர்கள். எந்த அரசர் பொறுப்பார்?

பிப்ரவரி 25-ல், உங்களைப் பிடிக்க வந்த ஆண்டனி லூசி ஏதோ சாதாரண வேலையாக வந்தவர் போல் கார்லைல் கோட்டைக்குள் நுழைந்தபோது, நீங்கள் கூடத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தீர்களாம். அந்தக் கடிதம் யாருக்கு என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நீதிபதிகள் வந்தார்கள், உங்களைப் பேசவிடாமலே தீர்ப்புப் படித்தார்கள். அரசர் கட்டிய வாளை அவிழ்த்தார்கள், குதிகாலிலிருந்த பொன்முலாம் பூசிய குதிமுள்ளை, அதாவது நைட் என்ற வீரப் பட்டத்தின் அடையாளத்தை, வெட்டி எறிந்தார்கள். ஏர்லும் போய், நைட்டும் போய், வெறும் ஆண்ட்ரூ ஆன பிறகுதான் தூக்குமரம். தலை லண்டன் பாலத்துக்கு. உடலை நான்காகக் கூறுபோட்டு நான்கு ஊர்களுக்கு.

மே மாதமே எட்வர்ட் அதே புரூஸோடு 13 ஆண்டுப் போர்நிறுத்தம் செய்துகொண்டார். 1328-ல் எட்வர்டின் மகன் காலத்தில் ஸ்காட்லாந்து தனி ராஜ்ஜியம் என்று முறைப்படி ஒத்துக்கொண்டார்கள். விலை 20,000 பவுண்டு. நீங்கள் பேசிய 40,000 மார்க் என்பது 26,000 பவுண்டுக்கும் மேல்.

அதே ஆண்டு உங்கள் சகோதரி அரசரிடம் மனு போட்டார். நான்கு ஊர்களிலிருந்தும் இறக்கிச் சேர்த்து, உங்களை அடக்கம் செய்துகொள்ள அனுமதி கிடைத்தது.

இப்படிக்கு,
நாள் எண்ணிய வாசகன்