சரக்குப் பாக்கி: முதலில் சலானைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலையும் பட்டறைக்காரர்கள் பலர் சட்டத்தைக் குறை சொல்கிறார்கள். சட்டம் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. கையில்தான் காகிதம் இருப்பதில்லை.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களுக்கான பாக்கியை எழுத்தில் பேசிய தேதிக்குள் தர வேண்டும். அந்தத் தவணையும் 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். பர்ச்சேஸ் ஆர்டரில் '90 நாள் கடன்' என்று அச்சடித்திருந்தாலும் செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்தரக் கூட்டுவட்டி.

சரக்கில் குறை இருந்தால் இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இறங்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. பணம் கேட்டு நெருக்கும்போது, நாலு மாதம் கழித்து 'தரம் சரியில்லை' என்று டெபிட் நோட் (பாக்கியில் கழித்துக்கொள்ளும் சீட்டு) நீட்டுவது பழைய உத்தி. அதற்கான பதில் டெலிவரி சலானில் (சரக்கோடு போகும் ஒப்படைப்புச் சீட்டில்) இருக்க வேண்டும். பெரும்பாலும் அதில் இருப்பது வாட்ச்மேனின் கிறுக்கல். தேதியும் இல்லை, சீலும் இல்லை. ஸ்டோர்ஸ் ஆள் பெயர், தேதி, அளவு எழுதி கம்பெனி சீல் வைத்துத் தரும்வரை வண்டி அரை மணி நேரம் நின்றால் நிற்கட்டும். ஆர்டர் ஒரு கம்பெனி பெயரிலும் பில் அதே முதலாளியின் வேறு கம்பெனி பெயரிலும் போனால், யார் கடனாளி என்பதிலேயே வழக்கு சிக்கிக்கொள்ளும்.

உத்யம் பதிவை (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) சரக்கு அனுப்புமுன்பே எடுத்துவிட வேண்டும். தகராறு வந்தபின் பதிந்து, பழைய பில்லுக்குச் சலுகை கேட்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கீழமாசி வீதி மொத்த வியாபாரிகளும் உத்யம் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். வாங்கி விற்பவர்களுக்கு அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே உதவும். அவர்களுக்கு சிவில் கோர்ட்தான், காலவரம்பு மூன்று வருடம். அது முடியுமுன் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்கினால் மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். வருடா வருடம் மார்ச் 31 கணக்குக்கு இதை வாங்கிவிடுவது நல்லது. நல்லுறவு கெடும் என்று கூச்சப்படுபவர்களே அதிகம்.

செக் திரும்பினால் வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்தபின் 15 நாள் அவகாசம். அதற்குப்பின் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இதில் ஒரு தேதி தவறினாலும் சிக்கல்தான்.

தாமதப் பாக்கிக்கான வசதியாக்கல் மன்றம் மதுரையிலேயே இருக்கிறது. அங்கே தீர்ப்பானால், அதை எதிர்த்துப் போகும் வாங்கியவர் 75 சதவீதத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். மன்றத்துக்கு வரும் மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். அதை நடைமுறையிலும் கறாராகப் பின்பற்ற வேண்டும். சலானுக்கும் பாக்கி உறுதிக் கடிதத்துக்கும் தமிழில் மாதிரிப் படிவம் அச்சிட்டு, தொழிற்பேட்டைச் சங்கங்கள் வழியாக மாவட்டத் தொழில் மையம் கொடுக்கலாம்.

— சிறுதொழில் கணக்கர்கள் சிலர்,
கே.புதூர், மதுரை