கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர், வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் ரூபாய்க் கணக்குக்குள் நான் போகவில்லை. என்ன நடந்தது, எது நின்றுபோய்க் கிடக்கிறது, அடுத்து என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மழை. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆண்டுச் சராசரி 827 மி.மீ. என்று கணக்கு. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாளில் கொட்டிவிட்டுப் போய்விடும், அந்தச் சில நாளில் பிடித்து வைத்தால்தான் உண்டு. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதே மாவட்டத்தில் முதுகுளத்தூர் பக்கம் இருக்கும் நமக்கு அந்த அளவு மழை இல்லை. ஆனாலும் கண்மாய் முக்கால்வாசி நிறைந்தது. ஆடி மாதம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்டித் துப்புரவு செய்யாமல் இருந்திருந்தால், மேல்கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்த தண்ணீர் பாதி வழியிலேயே புதருக்குள் நின்றிருக்கும். அந்த வேலைக்கு மேல்கண்மாய் ஊர்க்காரர்களும் ஆள் அனுப்பினார்கள், அவர்களுக்கு இந்தக் கூட்டத்தின் சார்பில் நன்றி.

அப்புறம், கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மூன்றாம் மடை. பலகை துருப்பிடித்து அரித்துப்போய், வருஷா வருஷம் வைக்கோலும் களிமண்ணும் சாக்கில் கட்டி அடைப்பதும், இரவோடு இரவாக அது பிடுங்கிக்கொண்டு போவதும் எல்லாருக்கும் தெரியும். கண்மாயில் தண்ணீர் கிடக்கும்போதே கடைமடையில் பயிர் காய்ந்ததும் தெரியும். இந்த ஆண்டு அந்த மடைக்குப் புதுப் பலகையும் திருகும் போட்டு, ஓரத்துச் சுவரையும் பூசிவிட்டோம். புரட்டாசியில் புழுதியில் விதைத்த நெல் மார்கழிக் கடைசியில் பால் பிடித்து நின்றபோது, தண்ணீரைப் பங்கிட்டுவிடும் நீர்ப்பாய்ச்சி, முறை வைத்துத் திறந்து கடைசி வயல் வரைக்கும் ஒரு நனைப்பு கொடுத்தார். கடைமடைக்காரர்கள் வரப்பிலேயே காவல் இருந்தார்கள், அன்றைக்கு யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை. இந்த அறிக்கையில் நான் பெருமையாகச் சொல்ல ஒரு விஷயம் உண்டென்றால் இதுதான்.

2017இல் அரசு, ஊரார் சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்தை மறுபடி கொண்டுவந்தபோது பாசனதாரர் பங்கு 10 சதவீதம் என்றார்கள், அதை உழைப்பாகவும் கொடுக்கலாம். நம் ஊரிலும் அதே முறையைத்தான் மடை வேலைக்கு வைத்தோம். பங்கு போட்டவன் மடையை உடைக்க மாட்டான், உடைப்பவனைப் பார்த்துக்கொண்டு சும்மாவும் இருக்க மாட்டான்.

கொஞ்சம் விவாதமாகிப்போன விஷயத்துக்கு வருகிறேன். தமிழக அரசின் 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி அமையும் பாசன சபையில் நிலம் உள்ளவர்கள்தான் உறுப்பினர். நம்முடையது ஊரார் சேர்ந்து பதிவு செய்த சங்கம். ஆகவே நிலமில்லாத குடும்பங்களையும் ஓட்டுரிமையோடு சேர்ப்பது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். ‘தண்ணீர் பாய்ச்சாதவருக்குக் கண்மாயில் என்ன வேலை?’ என்று சிலர் கேட்டீர்கள். மீன் யாருக்கு, கரையோரத்து மரம் யாருக்கு, ஆடு மாடு எங்கே தண்ணீர் குடிக்கிறது, வரத்துக்காலில் மண்வெட்டி பிடித்தது யார்? மழை பொய்த்தால் முதலில் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பஸ் ஏறுவது அவர்கள்தான். நிலம் உள்ளவருக்கு இழப்பீடாவது வரும், அவர்களுக்கு அதுவும் கிடையாது. கண்மாய் நன்றாக இருந்து அந்த வீடுகளில் அடுப்பு எரியாவிட்டால், ஊர் முன்னேறிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து.

சீமைக் கருவேலத்திலும் இதே கேள்விதான். அதை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது சரியானதே. கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் அது இருக்கக் கூடாது. ஆனால் நம் பக்கம் எத்தனை வீடுகள் அந்த மரத்தைக் கரியாக்கும் கரிமூட்டத்தை நம்பி இருக்கின்றன என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால் இப்படி முடிவு செய்தோம்: உள்வாய், கரை, வரத்துக்கால் மூன்றிலும் வேரோடு பிடுங்குவது, பிடுங்கிய மரத்தை மொத்தமாக வெளி வியாபாரிக்கு ஏலம் விடாமல், மூட்டம் போடும் உள்ளூர்க் குடும்பங்களுக்கே குறைந்த விலைக்குக் கொடுப்பது, பட்டா நிலத்தில் இருப்பதை இப்போதைக்குத் தொடாமல் விடுவது. வெட்டினால் மட்டும் போதாது, தூர் கிடந்தால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும்.

கண்மாயில் வண்டல் மண் எடுப்பது 2024 முதல் லேசாகிவிட்டது, தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. எடுத்தவர்கள் மிளகாய்க் கொல்லையில் போட்டுப் பலனைப் பார்த்திருக்கிறீர்கள். நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தும் நம் கையில் விலை ஏறவில்லை என்ற ஆதங்கம் நியாயமானது. கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியவர் கடைக்காரர் சொன்ன விலைக்குத்தானே போட வேண்டும்? மகளிர் குழுவில் விதைப்புக்குக் கடன் வாங்கியவர்கள் இந்த ஆண்டு வத்தலைத் தார்ப்பாயில் காயவைத்துத் தரம் பிரித்து, விலை பார்த்து விற்றார்கள். அந்த அக்காமார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பயிர்க் காப்பீட்டில் காப்பீட்டுத் தொகையில் நெல்லுக்கு 1.5 சதவீதம், மிளகாய்க்கு 5 சதவீதம் நாம் கட்டும் பங்கு. இழப்பீடு உங்கள் ஒரு வயலைப் பார்த்து வராது, குறிப்பிட்ட பகுதியின் சராசரி விளைச்சலை வைத்துத்தான் வரும். அந்த விளைச்சலைக் கணக்கெடுக்கும் அறுவடைப் பரிசோதனை நடக்கும் அன்று தயவுசெய்து நாலு பேராவது போய் நில்லுங்கள்.

நின்றுபோனது ஒன்று உண்டு. வரத்துக்கால் ஆக்கிரமிப்பை அளந்து தரச் சொல்லி மனு கொடுத்தோம், நினைவூட்டலும் அனுப்பினோம், சர்வேயர் இன்னும் வரவில்லை. விடப்போவதில்லை.

மகாராஷ்டிராவில் அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்து ஹிவ்ரே பஜாரில், பெய்த மழையை அளந்து, இருக்கும் தண்ணீருக்கு என்ன பயிர் வைக்கலாம் என்று ஊர்க்கூட்டத்திலேயே முடிவு செய்கிறார்கள். நம்மைவிட மழை குறைவான ஊர் அது. வரும் தை மாதம் நாமும் அப்படி ஒரு தண்ணீர்க் கணக்குக் கூட்டம் போட்டு, கோடையில் பருத்திக்கு எவ்வளவு, கால்நடைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று பேசி முடிவெடுக்கலாம் என நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. இரண்டாம் மடை பழுதுபார்ப்பும் ஊருணிக்கரை கட்டுவதும் ஆடிக்குள் முடிய வேண்டும். பங்குத்தொகை பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், பணமாக முடியாதவர்கள் வேலை நாளாக எழுதிக்கொள்ளலாம்.

இந்த அறிக்கையைக் கூட்டத்தின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்