மழை முடியும் வரை போர்டு பாலிஷ் இல்லை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டிலிருந்து அக்டோபர் நடுவில் தொடங்கிப் பொங்கல் வரை, பழைய கேரம் போர்டுகளுக்குப் பாலிஷ் போடும் வேலையை நிறுத்தி வைக்கிறோம். புதுப் போர்டு, காய்ன், ஸ்ட்ரைக்கர், பவுடர் விற்பனை எப்போதும்போல் நடக்கும். "லீவுல பிள்ளைங்க விளையாடணும், இப்பப் போய் முடியாதுன்னா எப்படி?" என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். நியாயமான வருத்தம்தான். அதனால்தான் காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று இந்த மடல்.

பழைய போர்டு வந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேய்ந்த பாலிஷை எடுத்துவிட்டு, கோடுகளையும் வட்டங்களையும் மறுபடி வரைவோம். அப்புறம் மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர், அதன்மேல் பளபளப்புத் தரும் லாக்கர் பூச்சு. லாக்கரை இளக்கக் கலந்த தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பலகையின் மேல்பக்கம் குளிர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ச்சியில் அப்படியே படியும். காய்ந்த பிறகு பார்த்தால் அங்கங்கே வெளுத்துப் பூத்திருக்கும், தொட்டால் சொரசொரக்கும். போட்டி விதிப்படி 15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடித்தால், எதிரெதிர் ஓரத்து மரச் சட்டங்களில் மோதி மோதி மூன்றரை முறையாவது ஓட வேண்டும். பூத்துப்போன பலகையில் அந்த ஓட்டம் வராது. காசு வாங்கிக்கொண்டு அப்படி ஒரு போர்டைக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஈரம் பிளைவுட்டையும் கெடுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் வடசென்னையில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. அப்போது நனைந்து அடுக்கு பிரிந்த போர்டுகளுக்குப் பாலிஷ் போட்டுப் பயனில்லை. சட்டம் நன்றாக இருந்தால் பலகையை மட்டும் மாற்றித் தருகிறோம். கருவேலஞ் சட்டமாக இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், ஸ்ட்ரைக்கரின் அடியை வாங்கித் திருப்பித் தரும் மரம் எளிதில் கிடைப்பதில்லை.

போர்டைக் கொடுக்க நல்ல நேரம் தையும் மாசியும், கோடை ஆட்டத்துக்குள் தயாராகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளிக்கூடமும் லீவு. அப்போது மீனவர்கள் வாழும் காசிமேட்டில் போர்டு இல்லாத தெருமுனையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோதும் அப்படித்தான். மன்றத்து வாசலில் இருந்து ஒயர் இழுத்து, அட்டைக் கூம்பு மாட்டிய குண்டு பல்பு போர்டுக்கு மேலே தொங்கும். மீன் வலைத் துண்டில்தான் பாக்கெட் பை கட்டியிருப்பார்கள். பெரியவர்கள் ஆடும்போது எங்களுக்குக் காய்னைப் பொறுக்கி அடுக்குகிற வேலை. அண்ணன்மார் டீ குடிக்க எழுந்தால் போதும், பாய்ந்து உட்காருவோம். இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் பெயரைச் சொல்லிக்கொண்டு ஸ்ட்ரைக்கரைத் தட்டுவோம். சிவப்புக் காய்னைப் போட்டுவிட்டு, அடுத்ததாக ஃபாலோ காய்னைப் போடத் தவறினால் அன்று ராத்திரி முழுக்க அதே பேச்சு. கரண்ட் போனால் ஒரு காய்னையும் அசைக்காமல் காத்திருப்போம், இருட்டில் எவனாவது நகர்த்திவிட்டால் சண்டைதான்.

அந்தப் பல்பு வெளிச்சத்தில் ஒரு பெண்பிள்ளைகூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அக்கா, தங்கைகள் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதே வடசென்னையிலிருந்துதான் வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்ஸ் போய் உலகச் சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். அதற்குப் பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வரும் அம்மாக்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் மழை வந்தால் தெருவில் போர்டு போட முடியாது. வீட்டில் இரண்டரை அடிப் பலகையை விரித்துச் சுற்றி நாலு பேர் உட்கார இடம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

சரி, பாலிஷ் அறைதான் அந்த மாதங்களில் காலியாக இருக்கப் போகிறதே. அதைச் சுத்தம் செய்து, தின்னர் டப்பாக்களை அப்புறப்படுத்திவிட்டு, இரண்டு போட்டிப் போர்டு போடுகிறோம். மாலை ஐந்து முதல் எட்டு வரை பிள்ளைகள் வந்து ஆடலாம், காசு வேண்டாம். ஒரு போர்டு பெண்பிள்ளைகளுக்கு மட்டும். "ஆளே இல்லாதப்ப நாங்க ஆடக்கூடாதா?" என்று பையன்கள் இப்போதே கேட்கிறார்கள். கூடாது தம்பிகளா. ஆள் வரும், கொஞ்சம் பொறுங்கள்.

மழைக்காலத்தில் உங்கள் போர்டைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். உயரமான இடத்தில் படுக்கை வாட்டில் வையுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், காய்ந்த பருத்தித் துணியே போதும். முகப் பவுடர் ஈரத்தை இழுத்துக்கொண்டு பலகையோடு ஒட்டிக்கொள்ளும், போரிக் பவுடரையே தூவுங்கள். அது வயிற்றுக்குள் போனால் ஆபத்து. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள், ஆடி முடித்ததும் பிள்ளைகளைக் கை கழுவச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே போர்டைக் கொடுத்து முன்பணம் கட்டியவர்களுக்கு மழைக்கு முன்பே வேலையை முடித்துத் தந்துவிடுவோம். பொங்கலுக்குப் பிறகு வேண்டும் என்பவர்கள் இப்போதே பெயர் கொடுக்கலாம். அதற்கு முன்பணம் தேவையில்லை.

அன்புடன்,
உங்கள் கேரம் கடை,
பழைய வண்ணாரப்பேட்டை