அத்தை மகன் விஷயம்

பாப்பா,

நேற்று போனில் சரியாகப் பேச முடியவில்லை, உன் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மகனை உனக்குப் பிடித்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான், நல்ல பையன். ஆனால் அவன் ரத்தத்தைப் பரிசோதிக்காமல் சரி என்று சொல்லிவிடாதே.

தம்பி பட்டதில் பாதி உனக்கு ஞாபகம் இருக்காது. கைக்குழந்தையிலேயே உடம்பெல்லாம் கரப்பான். கத்தரிக்காய், கருவாடு எல்லாம் எனக்குத் தடை, பால் கொடுப்பவள் ஆயிற்றே! கையில் சாக்ஸ் மாட்டித் தூங்க வைத்தாலும் காலையில் தலையணை உறை ரத்தமும் நீருமாய்க் கன்னத்தோடு ஒட்டியிருக்கும், தண்ணீர் தொட்டுத்தான் பிரிப்பேன். முட்டை, பால், கடலை எதுவும் ஆகாது. போன இடமெல்லாம் அலர்ஜி, வளர்ந்தால் போய்விடும் என்று களிம்பை மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் விரல் முழுக்க மரு, முகத்தில் பாலுண்ணி, காதில் சீழ், திரும்பத் திரும்ப நிமோனியா. வெறும் அலர்ஜிக்கு இத்தனை கிருமி ஏன் வரணும் என்று கேட்டது வேலூரில் பார்த்த டாக்டர்தான். ரத்தத்தில் அலர்ஜியைக் காட்டும் ஐஜிஇ ஆயிரக்கணக்கில் இருந்தது, மரபணுப் பரிசோதனையில் டாக்8 (DOCK8) என்ற புரதத்தின் குறைபாடு என்று வந்தது. 2009-ல்தான் அதையே கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் புரதம் இல்லாவிட்டால் நோய் எதிர்ப்புச் செல்கள் தோலின் நெருக்கமான இடுக்குகளில் நுழையும்போதே சிதைந்துபோகுமாம், வைரஸ் அங்கேயே குடியிருக்கும்.

நானும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். ஒரே தாத்தா பாட்டி வழியாக ஒரே மரபணுப் பழுது இரண்டு பேருக்கும் வந்து, தம்பிக்கு இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டது. உனக்கு ஒரு பக்கம் மட்டும்தான், அதனால் உனக்கு ஒன்றும் செய்யாது, உன் எலும்பு மஜ்ஜையை அவனுக்கு வைக்கவும் அது தடையாகவில்லை. தோல் தேறியது, மருவும் போயிற்று. கடலை மட்டும் இன்னும் ஆகாது, அவசரத்துக்குப் போடும் அட்ரினலின் ஊசி இல்லாமல் வெளியே விடமாட்டேன், திட்டுகிறான், திட்டட்டும்.

அப்பாவுக்கு வந்தது அத்தைக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவர் மகனுக்கு நாலில் ஒன்று. அவனிடம் இல்லையென்றால் தாராளமாகக் கட்டிக்கொள். இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு தம்பி மாதிரி ஆகலாம். 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம்தான், ஆனால் பார்த்தபின் என்ன செய்வது என்பதை நீங்கள் இரண்டு பேரும் இப்போதே பேசிக்கொள்ளணும். அதில் நான் தலையிட மாட்டேன்.

தம்பி ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பொதுவாக எதையாவது டெஸ்ட் எடுக்க வேண்டாம், அதில் போட்டிருக்கிற அதே மாற்றத்தை அவனிடம் தேடச் சொல். "என் பிள்ளைக்கு என்ன குறை" என்று அத்தை கோபப்படுவார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா