ஜஸ்பால் பட்டியைத் தமிழில் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சி நகைச்சுவை பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் நகைச்சுவைக் கலைஞர் ஜஸ்பால் பட்டியின் பெயர் இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது. இங்கே அவரை அறிந்தவர்கள் குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

1989-ல் தூர்தர்ஷனில் அவருடைய ‘ஃப்ளாப் ஷோ’ என்ற இந்தி நகைச்சுவைத் தொடர் வந்தபோது நான் சண்டிகரில் ஆராய்ச்சி மாணவி. மொத்தமே 10 கதைகள். ஒன்றில் பட்டி பிஎச்.டி. வழிகாட்டியாக வருவார். அவரிடம் மாட்டிக்கொண்ட மாணவன் ஆய்வை விட்டுவிட்டு அவர் வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். விடுதி டிவி அறையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு சீனியர் அக்கா மட்டும் பாதியில் எழுந்து போய்விட்டார். தன் கைடு வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்தான் தினமும் பாடம் சொல்லிக்கொடுத்து வந்தார்.

அமிர்தசரஸில் பிறந்த பட்டி, மின்பொறியியல் படித்தவர். ‘ட்ரிப்யூன்’ நாளிதழில் கார்ட்டூன் வரைந்தவர். அரசு அலுவலகங்களின் நடப்பு அவருக்கு அத்துப்படி. பொய் மருத்துவ பில், காண்ட்ராக்டரும் இன்ஜினியரும் பங்கு போட்டுக்கொள்ளும் கட்டட வேலை என்று எதையும் விடவில்லை. யாரைக் கிண்டல் செய்கிறாரோ அவர்களுக்கே அந்தக் கதையைச் சமர்ப்பணம் செய்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்! மனைவி சவிதாதான் தயாரிப்பாளர், திரையிலும் அவருக்கு மனைவி. இத்தனையையும் அரசின் தொலைக்காட்சியே ஒளிபரப்பியது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

மின்வெட்டை வைத்து அவர் எடுத்த ‘பவர் கட்’ படம் வெளியாவதற்கு முதல் நாள், 2012 அக்டோபர் 25 அன்று, ஜலந்தர் அருகே சாலை விபத்தில் இறந்தார். வயது 57. அடுத்த ஆண்டு பத்மபூஷண் அறிவித்தார்கள்.

இன்று நம் சேனல்களின் காமெடி நிகழ்ச்சிகளில் கறுப்பு நிறமும் பருமனான உடம்பும் வீட்டுப் பெண்களும்தான் கேலிப்பொருள். என்னால் அவற்றைப் பார்க்க முடிவதில்லை. பட்டி எளியவர்களைச் சீண்டவே இல்லை, நாற்காலியில் இருப்பவர்களைத்தான் சீண்டினார்.

‘ஃப்ளாப் ஷோ’வைத் தமிழ் சப்டைட்டிலுடன் டிடி தமிழில் மறுஒளிபரப்பு செய்ய வேண்டும். 10 கதைகளுக்குச் சப்டைட்டில் போடுவது பெரிய வேலையல்ல. உங்கள் நாளிதழும் இதை வலியுறுத்தி எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை, திருச்சி