பரீட்சை ஹாலுக்குள் போன் வராது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறேன். சென்ற இதழில் வேலைக்கு விண்ணப்பிப்பது பற்றி வந்த கட்டுரையை மாணவி ஒருத்தி சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். "ஆங்கிலத்தில் எங்கே கேப்பிடல் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், போனே பார்த்துக்கொள்ளும்" என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். மற்றபடி நல்ல கட்டுரைதான். அந்த வரி மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

பத்தாவது, பன்னிரண்டாவது ஆங்கிலப் பரீட்சையைப் பிள்ளைகள் பேனா பிடித்துத்தான் எழுதுகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஹாலுக்குள் எந்தப் போன் வந்து திருத்தும்? டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் பரீட்சை எழுதுகிறவர்களுக்கும் டைப்ரைட்டர் மெஷின்தான். இடது கை எழுத்து என்றால் வலது சுண்டுவிரல் ஷிப்டை அழுத்த வேண்டும். அரைகுறையாக அழுத்தினால் கேப்பிடல் எழுத்து வரிக்கு மேலே போய் நிற்கும். அதற்கும் மார்க் போகும்.

சரி, போனாவது ஒழுங்காகச் செய்கிறதா? சுருக்கெழுத்துக்குப் பின்னால் புள்ளி வைத்தால் வாக்கியம் முடிந்ததென்று நினைத்து அடுத்த வார்த்தையைப் பெரிதாக்கிவிடுகிறது. கலெக்டர் என்ற பதவி ஒருவர் பெயருக்கு முன்னால் வந்தால் கேப்பிடல், பொதுவாக ஒரு கலெக்டர் என்றால் ஸ்மால். கிழமைக்கும் மாதத்துக்கும் கேப்பிடல், கோடைக்கும் குளிருக்கும் கிடையாது. கணக்குப் பாடத்துக்கு ஸ்மால் போதும், தமிழ், இங்கிலீஷ் என்று மொழியின் பெயர் வந்தால் கேப்பிடல் வேண்டும். இதெல்லாம் அர்த்தம் புரிந்து போட வேண்டியவை. அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் யூனிட் இரண்டு. மெகாவாட்டை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போது பெரிய எம் போடாமல் சின்ன எம் போட்டால் அது மில்லிவாட். 100 கோடி மடங்கு குறைந்துபோகிறது, ஐயா.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லை. வீட்டில் ஆங்கிலம் படித்தவர்கள் இருந்தால் கேட்டுக்கொள்ளலாம். இல்லாத பிள்ளைக்கு யார் சொல்லித் தருவார்கள்? காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பையன், அப்பா கடலுக்குப் போகிறவர். 'நான்' என்று வரும் இடத்திலெல்லாம் சின்ன ஐ போட்டு பயோடேட்டா கொடுத்திருக்கிறான். அந்தக் கம்பெனியில் இருந்தவர்கள் அதைப் பக்கத்து மேஜைக்குக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அவன் கணக்கு வழக்கில் கெட்டிக்காரன், அதை யாரும் கேட்கவில்லை. 'எந்த ஏரியா?' என்று மட்டும் கேட்டார்களாம். இன்னொரு பெண், ஃபாரத்தைப் பெரிய எழுத்தில் நிரப்பச் சொன்னார்களே என்று கூடவே வைத்த கடிதம் முழுவதையும் கேப்பிடலில் எழுதிவிட்டாள். அவளுக்குப் பதிலே வரவில்லை.

எங்கள் வடசென்னைப் பிள்ளைகள் என்றால் கத்தியும் கபடியும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. தங்கள் பத்திரிகை நடத்தும் வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டமும் வருஷா வருஷம் அடையாறு, தி.நகர் பக்கமே நடக்கிறது. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு தடவை வைக்கச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை. டைப்ரைட்டிங்குக்கு இனி எதிர்காலம் இல்லை என்று ஒரு செய்தி போட்டீர்கள். அதற்கு நான் எழுதிய மறுப்பையும் போடவில்லை. அப்போதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இப்போது, பிள்ளைகள் கற்றுக்கொண்டிருப்பதையே தேவையில்லை என்று தங்கள் பத்திரிகையே சொல்லும்போது மனசு தாங்கவில்லை.

மாணவர் பக்கத்தில் வாரம் கால் பத்தி ஒதுக்கி, கேப்பிடல் எங்கே வரும், எங்கே வராது என்று இரண்டு மூன்று வாக்கியங்களோடு போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாக்கியங்களை நானே டைப் அடித்து அனுப்பிவைக்கிறேன். பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21